கூட ஒரு ஆள் வேணும்: போய்ப்பந்து சேர்ந்து சுற்றப் பழகும் வழி

“போய் பழகப் போறேம்மா.”

“எங்க போய்?”

“போய்தாம்மா.”

எங்கள் வீட்டில் இந்த உரையாடல் மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் இரண்டு சாக்ஸைக் கையில் எடுத்துச் சுற்றிக் காட்டினேன். “இதுக்கா இவ்வளவு பேச்சு” என்று அம்மா உள்ளே போய்விட்டார். எழுதினாலும் இதே தொல்லைதான், ஒரு கொம்பு மாறினால் பொய் ஆகிவிடுகிறது. ஆகவே கட்டுரை முழுக்கப் ‘போய்ப்பந்து’ என்றே எழுதுகிறேன்.

கயிற்றின் ஒரு முனையில் பந்து, மறுமுனை உங்கள் விரலில், கைக்கு ஒன்றாக இரண்டு. இவற்றைச் சுழற்றி உருவங்கள் வரைவதுதான் ஆட்டம். இது நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய கலை, ‘போய்’ என்ற சொல்லும் அவர்களுடையதே. பழைய பந்துகளை ரௌபோ என்ற சதுப்புநிலக் கோரையின் இலையாலும் ஹரகெகெ என்ற செடியின் நாராலும் செய்தார்கள். குட்டைக் கயிறு, நெட்டைக் கயிறு என்று இரண்டு வகை உண்டு. பாட்டும் ஆட்டமும் சேர்ந்த மாவோரிக் கலையான கபா ஹகா அணிகளில் பெண்கள் வரிசையாக நின்று, பாடிக்கொண்டே, எல்லாப் பந்தும் ஒரே நொடியில் கையில் பட்டுத் தெறிக்கும்படி ஆடுவார்கள். அந்தத் தட்டுதான் பாட்டுக்குத் தாளம். 1972-இல் தொடங்கி இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தே மத்தாத்தினி என்ற கபா ஹகா விழாவில் ஓர் அணிக்கு 40 பேர் வரை மேடையேறுகிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறந்த இடத்தில் இது கூட்டத்தின் கலை. எல்.இ.டி. பந்தோடு கடற்கரையில் தனியாக ஒருவர் சுற்றும் வீடியோக்கள் வேறொரு கிளை, பிறகு வந்தது. அந்தக் கிளையை ஃப்ளோ ஆர்ட்ஸ் என்கிறார்கள். வளையம், கோல், விசிறி எல்லாம் அதில் சேர்த்தி. நம்மில் பெரும்பாலோர் வீடியோ பார்த்துத் தனியாகவே பழகுகிறோம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் பழகினேன். முதல்முறை இன்னொருவர் பக்கத்தில் நின்றபோது, கற்ற வித்தை எல்லாம் இரண்டு நிமிடத்தில் சிக்கிக்கொண்டது. தனியாக ஆடும்போது நம் வேகம் நம் இஷ்டம், தப்பு நடந்தாலும் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் தனியாகச் சுற்றியதும் ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

சாக்ஸும் டென்னிஸ் பந்தும்

கடையில் விற்கும் போய்ப்பந்து முதலில் வேண்டாம். முழங்கால் வரை வரும் கால்பந்து சாக்ஸ் ஒரு ஜோடி, டென்னிஸ் பந்து இரண்டு. பந்தைப் பாதம்வரை தள்ளி, அதற்கு மேல் ஒரு முடிச்சு. மேல்முனையில் விரல் நுழையும் அளவுக்கு இன்னொரு முடிச்சு. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டிக்கொள்ளலாம். டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம்தான், காற்றடித்தால் அலையும். கனம் வேண்டுமென்றால் ஒரு பிடி அரிசியைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கக் கட்டிப் பந்தோடு சேர்த்துப் போடுங்கள். கவர் இல்லாமல் நான் உளுந்தை அப்படியே கொட்டினேன். அடுத்த வாரம் எறும்புகளும் சேர்ந்து சுற்றின.

நீளத்துக்கு ஒரு அளவு. பந்தை உள்ளங்கையில் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் கைப்பிடி அக்குளுக்கு வர வேண்டும். ஏறத்தாழ 60 செ.மீ. இருக்கும். இது தனியாகச் சுற்றுபவருக்கு. சேர்ந்து சுற்றப்போகிறவர்கள் எல்லோருமே ஒரே நீளம் வைத்துக்கொள்ள வேண்டும், உயரம் வேறாக இருந்தாலும்.

காரணம் எளிது. உச்சியைத் தாண்டும்போது கயிறு தளராமல் இருக்கக் குறைந்தபட்ச வேகம் வேண்டும். 60 செ.மீ. கயிறென்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. கயிறு நீண்டால் இன்னும் மெதுவாகப் போகலாம், குறுகினால் பந்தே அவசரப்படுத்தும். நீளம் வேறுபட்ட இருவர் ஒன்றாகத் தொடங்கினாலும் பத்தாவது சுற்றில் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். அப்புறம் “நீ வேகமா போற” “நீதான் மெதுவா வர்ற” என்று சண்டை. கயிறு நீளமாக இருப்பவர் விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் சண்டை பாதி தீரும்.

முதலில் நிறுத்தப் பழகுங்கள்

சுற்றுவது அரை மணி நேரத்தில் வந்துவிடும். நிறுத்துவதைத்தான் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. என் மூக்குக்கண்ணாடி உடைந்தது சுற்றத் தெரியாதவரால் இல்லை. சுற்றிக்கொண்டிருந்தவர் நான் குனிந்ததைப் பார்த்துவிட்டார், ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.

ஒரு கையில் மட்டும் பந்தை எடுங்கள். உடம்புக்குப் பக்கத்தில், பந்து முன்னால் ஏறி, மேலே போய், பின்னால் இறங்கும்படி சுற்றுங்கள். ஏறுவது கண்ணுக்குத் தெரிகிற திசை என்பதால் இதில் தொடங்குவது சுலபம். கை இடுப்பருகே இருக்கும். பந்து நெஞ்சு உயரத்துக்கு வரும்போது கையை ஒரு சாண் மேலே, பந்தை நோக்கிக் கொண்டுபோங்கள். கயிற்றின் இழுப்பு சட்டென்று போய்விடும். பந்து ஒரு கணம் காற்றில் நிற்பது போலிருக்கும், பிறகு நேர்கீழாக விழுந்து தொங்கும். விழும் நேரத்தில் மற்றக் கையால் பிடிக்கவும் செய்யலாம். இதே சங்கதியைத்தான் பிறகு ‘ஸ்டால்’ என்ற பெயரில் அழகுக்காகச் செய்வார்கள்.

இரண்டு கையிலும் இது வந்த பிறகு, யாரையாவது திடீரென்று “நில்!” என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்குள் இரண்டு பந்தும் நின்றால் நீங்கள் இன்னொருவர் பக்கத்தில் நிற்கலாம். எங்கள் குழுவுக்குச் சிலம்பம் பழகிய தம்பி ஒருவன் வந்தான். போய்ப்பந்தில் ஒரு வித்தையும் தெரியாது, ஆனால் நில் என்றால் அந்த இடத்திலேயே நிற்கும். முதல் நாளே அவனை நடுவில் விட்டோம்.

தளமும் தூரமும்

பந்து வரையும் வட்டம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதுதான் தளம். உங்களுக்கு முன்னால் சுவர் இருப்பதாக நினைத்து அதன்மேல் வட்டம் வரைந்தால் சுவர்த் தளம். உடம்பின் இரு பக்கமும் மாட்டுவண்டிச் சக்கரம் போலச் சுழன்றால் சக்கரத் தளம். தலைக்கு மேலோ இடுப்பைச் சுற்றியோ தட்டையாகச் சுற்றினால் தரைத் தளம். மூன்றாவது இப்போதைக்கு வேண்டாம், கூட்டத்தில் அதுதான் அதிகம் அடிக்கும்.

தூரம் எவ்வளவு என்பது தளத்தைப் பொறுத்தது. கை 65 செ.மீ., கயிறு 60 செ.மீ. என்று வைத்தால் கையை நீட்டிச் சுற்றும் ஒருவர் 1.25 மீட்டர் ஆரத்துக்கு இடத்தைத் தின்கிறார். இருவர் சுவர்த் தளத்தில் பக்கம் பக்கமாக நின்றால் இடையில் 3 மீட்டர் வேண்டும். அதே சுவர்த் தளத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் வட்டங்கள் புத்தகத்தின் பக்கங்கள் போல இணையாகத்தான் இருக்கும், ஒட்டாது. பழகியவர்களுக்கு 1 மீட்டரே போதும். சக்கரத் தளத்தில் இது தலைகீழ்: பக்கத்தில் நெருங்கி நிற்கலாம், முன்பின்னாக நின்றால் 3 மீட்டர். புதியவர்களுக்கு வட்டம் சாயும் என்பதால் எந்த நிலையிலும் 2 மீட்டருக்குக் குறைய வேண்டாம்.

வட்டம் சாய்கிறதா என்று பார்க்க எங்கள் மொட்டை மாடியில் துணிக்கொடிதான் கருவி. கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று சுவர்த் தளத்தில் சுற்றுவோம். பந்து துணியைத் தொட்டால் சாய்கிறது என்று அர்த்தம். நல்ல துணி காயும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

தனியாக இரண்டு வாரத்துக்கு என்ன

திசை இரண்டு: இரு பந்தும் ஒரே பக்கம் சுழலலாம், எதிரெதிர்ப் பக்கம் சுழலலாம். நேரம் இரண்டு: இரண்டும் ஒன்றாகக் கீழே வரலாம், மாறி மாறி வரலாம். பெருக்கினால் நான்கு. இந்த நான்கையும் சுவர்த் தளத்தில் தலா நூறு சுற்றுச் செய்தால் சேர்ந்து ஆடுவதற்கான இலக்கணம் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது வீவ். பந்துகள் உடம்புக்குக் குறுக்கே போய் வந்து சடை பின்னுவது போலிருக்கும். ‘மூன்று தட்டு வீவ்’ என்பதைப் புரியவைக்க வீடியோக்கள் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. நமக்குத் ‘தகிட’ போதும். பந்துகள் மாறி மாறிக் கீழே வரட்டும். உடம்பின் வலப்பக்கம் மூன்று முறை: வலது, இடது, வலது. தகிட. இடப்பக்கம் மூன்று முறை: இடது, வலது, இடது. தகிட. வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் கை தானாகப் போகும். முதலில் பந்து இல்லாமல், கையை மட்டும் ஆட்டிப் பாருங்கள்.

வீவ் சுற்றிக்கொண்டே காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்ல முடிகிறதா? அப்படியென்றால் கூட ஒரு ஆளைக் கூப்பிடலாம்.

இருவராக

முதல் நாள் பக்கம் பக்கமாக நில்லுங்கள், ஒரே திசை பார்த்து, 3 மீட்டர் இடைவெளியில். ஒரு கை, ஒரு பந்து, சுவர்த் தளம். ஒருவர் எண்ணுகிறார், பந்து கீழே வரும்போது எண் விழ வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டைப் போட்டு இரண்டு தட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் நொடிக்கு ஒரு சுற்று வரும், இது வசதியான வேகம். அடுத்தவரின் பந்தைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். பந்தைப் பார்த்தால் எப்போதும் கால் சுற்றுப் பின்தங்குவீர்கள்.

அடுத்து எதிரெதிராக, 3 மீட்டரில். இங்கேதான் எல்லோருக்கும் மூளை சுளுக்கிக்கொள்ளும். இருவரும் வலக்கையில், அவரவர் பார்வைக்குக் கடிகாரத் திசையில் சுற்றுகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் கண்ணுக்கு எதிரிலிருப்பவரின் பந்து எதிர்த்திசையில் போவதாகத் தெரியும். கண்ணாடி போலச் செய்ய வேண்டுமென்றால் நீங்கள் வலக்கை, அவர் இடக்கை. அவர் தன் பார்வைக்கு எதிர்த்திசையில் சுற்ற, உங்கள் கண்ணுக்கு இரண்டு பந்தும் ஒரே பக்கம் சுழலும். இதை மனத்தால் கணக்குப் போட்டால் தலை வலிக்கும். “என் பந்து மாதிரியே தெரியணும்” என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள், அவர் கை சரியாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் ஒருவரே தலைமை, மற்றவர் நிழல். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் தலைமையிலேயே இருக்க விரும்புபவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை நிழலாக ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், ஆட்டம் கூடும்.

மூன்றாவதாக எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு பேர், ஒரே ஜோடிப் பந்து. தோளோடு தோள் நில்லுங்கள். உள்பக்கக் கைகள் ஒருவர் முதுகில் ஒருவர். வெளிப்பக்கக் கையில் ஆளுக்கு ஒரு பந்து. இப்போது இரண்டு உடம்பும் சேர்ந்து இரண்டு கை உள்ள ஒரே ஆள். இருவர் கையையும் நடுவுக்குக் கொண்டுவந்து, முன்னால் சுவர்த் தளத்தில், எதிரெதிர்த் திசையில் சுற்றுங்கள். இதைப் பட்டர்ஃப்ளை என்பார்கள், சிறகு அடிப்பது போலவே இருக்கும். யார் கை ஒரு சாண் முன்னால், யாருடையது பின்னால் என்று தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பேசாமல் தொடங்கினால் மூன்றாவது சுற்றில் முடிச்சு.

முடிச்சு விழுந்தால் இழுக்காதீர்கள். நம்மூர்ப் பின்னல் கோலாட்டம் பார்த்திருந்தால் தெரியும்: மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆடிக்கொண்டே பின்னியவர்கள், அதே அடியைத் திருப்பிப் போட்டு அவிழ்ப்பார்கள். இங்கேயும் அதே வழிதான். நின்று, கடைசியாக எந்தப் பக்கம் சுற்றினீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் தானே அவிழும்.

நாலாவது, திருட்டு. பெயரே அதுதான், சுற்றிக்கொண்டிருப்பவரின் பந்தை நிறுத்தாமல் வாங்கிக்கொள்வது. அவர் ஒரு பந்தைப் பக்கவாட்டில், கை நீட்டி, நிதானமாகச் சுற்றட்டும். நீங்கள் வட்டத்துக்கு வெளியே நின்று, வெறுங்கையால் அவர் கையின் சிறு அசைவை அப்படியே பின்பற்றுங்கள். நாலைந்து சுற்றுக்குப் பிறகு அவர் விரலுக்குச் சற்றுக் கீழே கயிற்றைப் பிடியுங்கள், இறுக்காமல். இரண்டு சுற்று இருவர் கையும் சேர்ந்தே போகும். நீங்கள் “சரி” என்றதும் அவர் விடுகிறார். அவசரப்பட்டுப் பறித்தால் பந்து உங்கள் முழங்கையைத் தேடி வரும். விரலில் மாட்டும் வளையக் கைப்பிடி இதற்கு ஒத்துவராது. நுனியில் முடிச்சோ குமிழோ வைத்து, சும்மா பிடித்துக்கொள்ளும் கைப்பிடி வேண்டும்.

நாலு பேரும் அதற்கு மேலும்

கூட்டமாகச் செய்யும் முதல் ஆட்டம் வரிசை. நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவர், 2 மீட்டர் இடைவெளி, எல்லோருக்கும் சுவர்த் தளம், ஒரே திசை, ஒரே வேகம். ஒரு சுற்றுக்குத் ‘தகதிமி’ என்று சொல்லுங்கள். முன்னால் இருப்பவர் ‘த’வில் தொடங்குகிறார், அடுத்தவர் ‘க’வில், மூன்றாமவர் ‘தி’யில், கடைசி ஆள் ‘மி’யில். ஒவ்வொருவரும் கால் சுற்றுத் தள்ளி வருவதால், முன்னால் நின்று பார்ப்பவருக்கு எட்டுக் கை அம்மன் மாதிரி தெரியும். நாலும் ஒரே நாளில் வராது. முதலில் இருவர் மட்டும், அரைச் சுற்றுத் தள்ளி. அது நிலைத்ததும் மூன்றாமவரைச் சேருங்கள். செல்போனை முன்னால் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்துவிடுங்கள். யார் தப்பு என்ற வாதத்துக்கு அது முற்றுப்புள்ளி வைக்கும், பெரும்பாலும் வாதத்தைத் தொடங்கியவருக்கே பாதகமாக.

அடுத்து வட்டம், எல்லோரும் உள்நோக்கி. ஆறு பேருக்கு வட்டத்தின் குறுக்களவு 6 மீட்டராவது வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போக அந்த இடமில்லை என்பதால் மைதானத்துக்கு மாறினோம். ஒருவர் அழைப்பாளர். அவர் “பட்டர்ஃப்ளை… மாத்து” என்றால் ‘மாத்து’வில்தான் எல்லோரும் மாற வேண்டும். பெயரை முன்பே சொல்லி மாற்றத்தைத் தனியாகச் சொல்வது முக்கியம், இல்லையென்றால் கூர்மையான காதுள்ளவர்கள் முந்திவிடுவார்கள்.

கூட்டத்துக்கு எங்களிடம் விதி மூன்றுதான். “நில்” என்று யார் சொன்னாலும், சின்னப் பையன் சொன்னாலும், எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம். சுற்றுபவரின் பின்பக்கமாக யாரும் நடக்கக் கூடாது, உள்ளே வருபவர் கண்ணில் படும்படி முன்னாலிருந்து வர வேண்டும். ஒருவர் ஆடாமல் வெளியே நின்று நாய், குழந்தை, வேடிக்கை பார்ப்பவர் யாராவது நெருங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தீயைப் பற்றி

கேட்கத்தான் போகிறீர்கள். தீப்பந்தச் சிலம்பம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், கண்டி எசல பெரஹெரா ஊர்வலத்தில் நெருப்புப் பந்து சுழற்றுபவர்களைப் பார்த்தவர்களும் இதைப் படிக்கலாம். ஆனால் இது வேறு பாடம், தெரிந்தவரின் நேர்ப்பார்வையில் மட்டும் கற்க வேண்டியது. கெவ்லர் என்ற தீ தாங்கும் இழையில் திரி, உலோகச் சங்கிலி, பருத்தி உடை. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பெட்ரோல் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, அதன் ஆவியே பற்றிக்கொள்ளும். எரிபொருள் டப்பா மூடியோடு தள்ளி இருக்க வேண்டும், தோய்த்த திரியில் மிஞ்சியதை உதறிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். சுற்றும் ஒவ்வொருவருக்கும் ஈரப் பருத்தித் துண்டோடு ஒரு காவலர். இருவர் சுற்றினால் காவலரும் இருவர். மேலே சொன்ன திருட்டும், ஒரே ஜோடியைப் பகிர்வதும் தீயில் வேண்டாம். சாக்ஸில் விழும் முடிச்சு சிரிப்பு, சூடேறிய சங்கிலியில் விழுந்தால் ஆஸ்பத்திரி. இருட்டில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் எல்.இ.டி. பந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு

ஒரு மணி நேரம் போதும், தோள் அதற்கு மேல் தாங்காது. கழுத்துச் சங்கிலி, ஜிமிக்கி, கைக்கடிகாரம் எல்லாம் பைக்குள். கயிறுகளை ஒன்றோடொன்று வைத்து நீளம் பாருங்கள். பத்து நிமிடம் மணிக்கட்டையும் தோளையும் சுழற்றி இளக்குங்கள். அடுத்த பத்து நிமிடம் “நில்” பயிற்சி, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கத்தலாம். பிறகு இருபது நிமிடம் இருவர் இருவராக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாறி. ஒரே ஆளோடு ஆடினால் அந்த ஆளின் தப்புக்குப் பழகிவிடுவோம். பத்து நிமிடம் வரிசை.

கடைசிப் பத்து நிமிடம் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பாட்டைப் போட்டுவிட்டு அவரவர் இடத்தில் சுற்றுங்கள். பக்கத்து ஆளோடு தாளம் ஒட்டிக்கொண்டால் ஒட்டட்டும்.